வுட்டன் ஃப்ளோரிங் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

சென்னையில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், அதிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி ஓதம் ஏறும் பகுதியில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

அம்மாவின் அறைக்குத்தான் போட்டோம். மார்கழியில் டைல்ஸ் சில்லிட்டுக் கால் குடைகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடையில் கொடுத்த சாம்பிள் நல்ல கனம். 14 மில்லிமீட்டர், மேலே நிஜத் தேக்கு, அடியில் பிளைவுட். எஞ்சினியர்டு வுட் என்பார்கள். அதைப் பார்த்துத்தான் விலை பேசினோம். கொட்டேஷனில் எழுதிக் கொடுத்ததோ ‘வுட்டன் ஃப்ளோரிங் - தேக்கு’ என்று ஒரே வரி.

வந்து இறங்கியது 8 மில்லிமீட்டர் லேமினேட். மரநாரை அழுத்திச் செய்த ஹெச்டிஎஃப் பலகை, அதன் மேல் தேக்கு ரேகை அச்சடித்த காகிதம், அதற்கும் மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வேலையை முடித்து, காலி அட்டைப்பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூலையில் கிடந்த ஒரு வெட்டுத்துண்டுதான் காட்டிக் கொடுத்தது. பிளைவுட் என்றால் வெட்டிய ஓரத்தில் அடுக்கு அடுக்காகத் தெரியும். இதில் அடுக்கே இல்லை, ஒரே பழுப்பு நிறம்.

லேமினேட் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஓதம் இல்லாத மாடி அறையில் சரியாகப் போட்டால் பல வருடம் உழைக்கும். ஆனால் எஞ்சினியர்டு விலையை வாங்கிக்கொண்டு அதைப் போடுவது பச்சை மோசடி.

போட்ட விதம் அதைவிடக் கொடுமை. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு 40 மில்லிமீட்டருக்குப் புது சிமென்ட் தளம் போட்டிருந்தோம். ஒரு மில்லிமீட்டர் காய ஒரு நாள் என்பது தொழிலில் இருக்கும் கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் கூடும். “உள்ள ஈரம் இருக்கு சார், பொறுங்க” என்று மேஸ்திரி சொன்னார். கடைக்காரர் “ஃபோம் விரிக்கிறோம்ல, ஒண்ணும் ஆகாது” என்று அடுத்த வாரமே ஆள் அனுப்பிவிட்டார். அந்த வெள்ளை ஃபோம் நடக்கிற சத்தத்தைக் குறைக்க, சின்ன மேடுபள்ளத்தைச் சமாளிக்க. ஓதத்துக்கு அதனடியில் 200 மைக்ரான் பாலிதீன் ஷீட் விரித்து, இணைப்புகளை டேப் போட்டு மூட வேண்டும். அதைச் செய்யவே இல்லை. சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால், அதாவது சுவரடியில் ஓடும் பட்டையால், மறைப்பது வழக்கம், ஏனென்றால் ஈரக்காற்றில் பலகை விரியும். இவர்கள் சுவரோடு சுவராக இறுக்கி அடித்துவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் நடு அறை கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, கறுப்பாகப் பூஞ்சை. அம்மா ஒரு தடவை தடுக்கிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கீழே விழுந்திருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

கடையில் கேட்டால் “தண்ணி ஊத்தித் துடைச்சிருப்பீங்க” என்றார்கள். கம்பெனி வாரண்டியில் பொருத்தியதில் வரும் கோளாறு சேராதாம். பொருத்திய ஆள் “நான் கூலிக்கு வந்தவன் சார்” என்கிறார். மூன்று பேரும் சேர்ந்து எங்களை நடுத்தெருவில் விட்டார்கள்.

அதனால், பொருளின் வகை, கனம், பிராண்டு, மாடல் எண், பொருத்தும் வேலைக்கு யார் பொறுப்பு, எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுத வையுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். பெட்டிகளை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் ஈரம் கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள். தரைத்தளத்துக்கு மரமே வேண்டுமா என்றும் யோசியுங்கள். மரத்தோற்றம் போதுமென்றால், கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த எஸ்பிசி பலகை இருக்கிறது; அது தண்ணீரில் ஊதாது, கரையானும் அரிக்காது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாங்கள் சாம்பிள், வெட்டுத்துண்டு, பில், ஈரப் பலகையின் படங்கள் எல்லாவற்றையும் வைத்துப் புகார் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.