மாசிக்காய்: முழுக்காய்ப் பொட்டலம் பற்றிய மதிப்பீடு

மாசிக்காய் பொடியாகவும் முழுதாகவும் விற்கப்படுகிறது. நான் வாங்கியது முழுக்காய்ப் பொட்டலம். துருக்கி, ஈரான் பகுதிகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் இளங்கிளையில் சிறு குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரத்தில் உண்டாகும் உருண்டைப் புடைப்பே இந்தச் சரக்கு. குளவி துளைத்து வெளியேறுமுன் பறித்தவை கருநீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் கனமாக இருக்கும். பின்னர் பறித்தவையோ வெளிறி, எடை குறைந்து, துவர்ப்பும் மங்கியிருக்கும். பொட்டலத்தில் பெரும்பாலும் முதல் வகையே இருந்தது. துளை விழுந்த சிலவற்றையும் விற்பவர் பொறுக்கி நீக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொடியில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் அறியவே முடியாது என்பதால் முழுக்காயே என் தேர்வு.

எடையில் பாதிக்கு மேலாகவும் இருக்கக்கூடிய டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் இதன் வலிமை. அது ஈரமான சவ்வின் மேற்பரப்பிலுள்ள புரதங்களை இறுக்குவதால், வாய்ப்புண்ணுக்கும் ஈறு இரத்தக்கசிவுக்கும் மாசிக்காய்க் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பதைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது. கழிச்சலுக்கும் மூலத்துக்கும் இது சேர்க்கப்படுகிறது. கொப்பளித்தபோது வாய் நன்றாகச் சுருங்கிப் பிடித்தது. சுவை, சொல்லத் தேவையில்லை, கடுமைதான். இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சினால் நீர் மைபோல் கறுத்துவிடும். பழைய எழுத்துமைகளில் ஒருவகை, இரும்பும் டானினும் கூடும் இந்தச் சேர்க்கையில்தான் பிறந்தது.

உறையின் மீதுள்ள குறிப்பு ஏமாற்றமளிக்கிறது. நோய்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் உள்ளுக்குக் கொடுக்கும் அளவோ, மிகுந்தால் மலச்சிக்கல் உண்டாகும் என்ற எச்சரிக்கையோ இல்லை. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருப்பதால், மருத்துவரைக் கேட்கச் சொல்லும் ஒரு வரியாவது அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.