ஸ்கிர்மியானை ஓட்ட ஒற்றை அடுக்கா, எதிரெதிர் இரட்டை அடுக்கா?

ஸ்கிர்மியான் என்பது மெல்லிய காந்தப் படலத்தில் எலக்ட்ரான் ஸ்பின்கள் (குட்டிக் காந்த அம்புகள் போன்றவை) சுருண்டு உருவாக்கும், சில பத்து நானோமீட்டர் அளவிலான சுழி. மின்னோட்டம் கொடுத்தால் நகரும். அதனால் இதையே தகவல் துணுக்காக்கி, குறுகிய படலத் தடத்தில் ஓட்டி நினைவகம் செய்யப் பார்க்கிறார்கள். கேள்வி, எந்தப் படலத்தில் ஓட்டுவது?

பிளாட்டினம், கோபால்ட் கொண்ட சாதாரண ஒற்றை ஃபெர்ரோகாந்த அடுக்கைச் (ஸ்பின்கள் ஒரே திசையில் அணிவகுப்பது) செய்வது எளிது. 2016இலேயே அறை வெப்பநிலையில் நொடிக்கு 100 மீட்டர் வேகம் கிடைத்துவிட்டது. ஆனால் ஸ்கிர்மியான் நேராகப் போகாது. சுழல் பந்து காற்றில் வளைவதுபோல் பக்கவாட்டில் விலகும். ஸ்கிர்மியான் ஹால் விளைவு என்கிறார்கள். கொஞ்சம் வேகம் கூட்டினால் தடத்தின் ஓரத்தில் மோதி அழிந்தே போகலாம். தகவல் சேமிக்க நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி.

இரட்டை அடுக்கில், நடுவே மெல்லிய ருத்தேனிய உலோகம் வைத்து, இரு காந்த அடுக்குகளையும் எதிரெதிராகப் பிணைக்கிறார்கள். ஒன்று இடப்பக்கம் இழுக்க, மற்றது வலப்பக்கம் இழுக்க, விலகல் ஏறக்குறைய ரத்தாகிறது. 2024இல் நொடிக்கு 900 மீட்டர் வரை எட்டினார்கள்! சரி, விலை? தடிமனைத் துல்லியமாக வைக்க வேண்டும். அப்புறம், நிகர காந்தம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் ஸ்கிர்மியானைக் கண்டறிவதே சிரமம்.

அடிப்படை ஆய்வுக்கு முதலாவது போதும். நினைவகத் தடம்தான் இலக்கு என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கே.