ஃபோர்ஜ்டு பிஸ்டனும் காலை நேர டக்டக்கும்

டர்போ எஞ்சினுக்கு ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய, பிஸ்டன் செட் போடலாமா என்று கேட்ட நண்பனுக்கு முதலில் சத்தத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காலையில் சாவி போட்டதும், அப்படி ஒரு செட் போட்ட என் பழைய ஆக்டேவியா 1.8 டர்போ 'டக்டக்டக்' என்று ஆரம்பிக்கும். "சார், இது டீசல் வண்டிங்களா?" என்று எங்கள் ஃபிளாட் வாட்ச்மேனே கேட்டுவிட்டார். எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். கோளாறு எதுவும் இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது. மார்கழியில் இன்னும் மோசம். சென்னைக் குளிருக்கே இப்படி என்றால் ஊட்டிக்காரர்கள் என்ன செய்வார்களோ!

என்னுடையது 2618 என்ற அலுமினிய அலாய். அதில் சிலிக்கான் கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் நாக்கிங் (எரிபொருள் நேரங்கெட்டு வெடிப்பது) வந்தாலும் சட்டென்று உடையாது, அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சூட்டில் அதிகம் விரியும். விரிய இடம் வேண்டுமே, அதனால் போரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையில்) கூடுதல் கிளியரன்ஸ் விட்டே ஆக வேண்டும். ஆறிய எஞ்சினில் அந்த இடைவெளிக்குள் பிஸ்டன் ஆடி, அதன் கீழ்ப்பக்கமான ஸ்கர்ட் சுவரில் தட்டுகிறது. 4032 அலாயில் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு உண்டு. விரிவு குறைவு, இறுக்கமாகப் பொருத்தலாம், சத்தமும் குறைவு. பதிலுக்கு, கடுமையான நாக்கிங்கில் 2618 அளவுக்கு ஈடுகொடுக்காது.

செம்பியத்தில் 1949 முதல் பிஸ்டன் கம்பெனி இருக்கிறது, மறைமலை நகரில் ரிங் ஃபேக்டரி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு என் செட்டுக்கு அமெரிக்காவிலிருந்து பார்சல் வரக் காத்திருந்தேன். போகட்டும்.

உண்மையான சந்தோஷம் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கில்தான். வந்தது முனைகளை ஃபைல் செய்து (அரத்தால் ராவி) பொருத்தும் செட். 81 மி.மீ. போருக்கு, தெருவில் ஓடும் டர்போ என்றால், டாப் ரிங் கேப் (ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) சுமார் 0.45 மி.மீ. வரும். இரண்டாவது ரிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் நடுவில் மாட்டும் அழுத்தம் வெளியேறாவிட்டால் டாப் ரிங்கைத் தூக்கிவிடும். போரிங் பட்டறைக்காரர் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கேப் விட்டா ஆயில் அடிக்கும் தம்பி" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் கேப் குறைவாக இருந்து, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) சூட்டில் ரிங் முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டால், ரிங் விரிய இடமில்லாமல் போரைக் கீறும், ரிங் லேண்டை (பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவில் உள்ள விளிம்பை) உடைக்கும். பழி என்னவோ பிஸ்டன் கம்பெனி மேல் விழும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ரிங்கை நேராக உட்காரவைத்து அளந்து, வெளிமுகத்திலிருந்து உள்நோக்கியே ஃபைல் செய்தோம். எதிர்ப்பக்கமாக இழுத்தால் கோட்டிங் பெயர்ந்துவிடும். எஞ்சின் ரிங்கெல்லாம் நன்றாகப் படிந்த பிறகு டிப்ஸ்டிக்கில் ஆயில் கோடு இறங்குவது அபூர்வம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் முழுக்க மிதித்தால்தான் கொஞ்சம் குறையும்.

பட்டறையை மட்டும் மலிவாகப் பார்க்காதே. பிஸ்டன் கைக்கு வருமுன்னே "போர் அடிச்சு வைக்கிறேன்" என்று பிளாக்கை வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. பிஸ்டனைக் கொடுத்து, பெட்டியில் இருக்கும் தாள் சொல்லும் இடத்தில் ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல், பிறகுதான் போர் அடிக்க வேண்டும். ஹோனிங்குக்கு (சிலிண்டர் சுவரைக் கடைசியாகத் தேய்ப்பதற்கு) டார்க் பிளேட், அதாவது ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கி வைக்கும் தடித் தட்டு, இருக்கிறதா என்று கேள். ஹெட் போல்ட்டை முறுக்கினாலே சிலிண்டர் வட்டம் கோணிக்கொள்ளும், பிளேட் இல்லாமல் ஹோன் செய்த வட்டம் வட்டமே இல்லை. ரிங் படிகிற காலத்தில் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஐடிலில் நிற்காதே. மினரல் ஆயில் ஊற்றி, விடிகாலை ஈ.சி.ஆரில் முட்டுக்காடு தாண்டி நல்ல லோடு கொடுத்து, பிறகு காலை எடுத்து எஞ்சின் பிரேக்கிங்கில் விடு.

பிஸ்டன் தரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பூஸ்ட் ஏற்றினாலும் அசையவில்லை. ஆனாலும் ஆபீஸுக்குப் போய்வரும் வண்டிக்கு இதே 2618 வாங்குவேனா என்றால், மாட்டேன். 4032தான். டிராக் டே பைத்தியம் இருந்தால் மட்டும் என் வழிக்கு வா. அதற்காக என் செட்டைக் கழற்றித் தரச் சொல்லி யாரும் போன் பண்ண வேண்டாம், தர மாட்டேன்.

எந்த அலாய் வாங்கினாலும், ஆர்டரிலேயே ஒரு சிலிண்டருக்கான ரிங் செட்டைக் கூடுதலாகச் சேர்த்துவிடு. ஃபைல் கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டால் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க அலைந்தாலும் அந்த அளவு கிடைக்காது.