வெளி ஆடிட்டரா, சம்பள ஆடிட்டரா? ஒரு நூற்பாலையின் அனுபவம்

கங்கைகொண்டான் பக்கம் எங்களுக்குச் சிறிய நூற்பாலை ஒன்று இருக்கிறது. தனியார் கம்பெனி என்றால் விற்றுமுதல் 200 கோடியையோ வங்கிக் கடன் 100 கோடியையோ எட்டினால்தான் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி உள்தணிக்கை, அதாவது கணக்கும் நடைமுறையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கம்பெனி தனக்காகவே ஆள் வைத்துப் பார்ப்பது, கட்டாயம். எங்களுக்கு அது வெகுதூரம். ஆனால் திருடுகிறவனுக்கு அந்த வரம்பு எதற்கு? ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்பவரையே இதையும் பார்க்கச் சொல்லலாம் என்றால், 144ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆக, வழி இரண்டுதான்.

முதலில் வெளி ஆடிட்டர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தேதி சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பையன்கள் வருவார்கள். குறை சொல்ல மாட்டேன்; ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போனதைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். செலவும் குறைவு.

பிறகு, மில் கணக்கில் பழுத்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தோம். என் சாய்வு இவர் பக்கம். காரணம் எடைமேடை.

கழிவுப்பஞ்சு வாங்க வரும் லாரியைக் காலியாக ஒரு முறையும் பஞ்சு ஏற்றிய பின் ஒரு முறையும் எடை போடுவோம். வித்தியாசத்துக்குத்தான் பணம். எடைச்சீட்டு, பில், கேட் பாஸ் மூன்றும் கிலோ பிசகாமல் ஒத்துப்போகும். வெளியிலிருந்து வந்தவர்கள் அதைச் சரிபார்த்து டிக் போட்டார்கள். இவரோ ஒரே லாரியின் காலி எடைகளை மட்டும் வரிசையாக எழுதினார்: 4,310, 4,450, 4,320, 4,460. இரவு ஷிப்டில் மட்டும் 140 கிலோ கூடுகிறது! ஓர் இரவு மறைவாக நின்று பார்த்தார். காலி எடை போடும்போது வண்டியில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர். எடை முடிந்ததும் அதைத் தென்னை மூட்டில் கொட்டிவிட்டுப் பஞ்சு ஏற்றினார்கள். எங்கள் தென்னைக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சிய புண்ணியவான் யார் என்று அன்றுதான் தெரிந்தது.

சீட்டுகளை அடுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தப் பையன்களும் கண்டுபிடித்திருப்பார்கள்தான். இரவு பதினொரு மணிக்கு எடைமேடையருகே யார் நிற்பார்கள் என்பதுதான் கேள்வி. இன்னொன்று, இவருடைய அறிக்கை மேலாளர் வழியாக வராது. நேரே எங்கள் கைக்கு வரும்.

இரண்டு வருட அனுபவம், அதுவும் ஒரே ஆலையில். நான்கு ஊரில் ஆலை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இவரிடமும் ஒரு சிக்கல் உண்டு. எடை போடுகிற எழுத்தர் இவருடைய ஊர்க்காரர். ஒரே அம்மன் கொடைக்கு வரி கொடுக்கிறவர்கள். பார்த்ததை எங்களிடம் சொல்ல இவருக்கு நான்கு நாள் பிடித்தது. பாளையங்கோட்டைப் பையன்கள் என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதனால் அவர்களையும் விட்டுவிடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, தேதி சொல்லாமல் வரச் சொல்லியிருக்கிறோம்.