ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்புப் பயிற்சி: லோடு கணக்கு அருமை, ஓட்டிப் பார்க்க நேரம் போதாது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் குடோன்களுக்கும் நேரில் வந்து, சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நடத்தும் இரண்டு நாள் பயிற்சி இது. முதல் நாள் பாடம், மறுநாள் வண்டி.

பாடத்தில் தூக்கலாக நிற்பது லோடு கணக்கு. 3 டன் வண்டி என்றால் எதையும் 3 டன் தூக்கலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வண்டியில் திறன் எழுதிய தகட்டில் 500 மி.மீ. என்றும் இருக்கும். ஃபோர்க்கின் (சரக்கைத் தாங்கும் L வடிவ இரும்புக் கரம்) நிமிர்ந்த முகத்திலிருந்து சரக்கின் எடைமையம் அதற்குள் இருந்தால்தான் அந்த 3 டன். முன் அச்சிலிருந்து அந்த முகம்வரை 475 மி.மீ. என்று வைத்துப் பலகையில் போட்டுக் காட்டுகிறார்கள்: எடைமையம் 700 மி.மீ.க்குத் தள்ளிப்போனால் திறன் சுமார் 2,490 கிலோதான். ஆத்தங்குடித் தரைக்கல்லை உதாரணமாக எடுத்தது நம்ம ஊருக்குப் பொருத்தம். பத்தங்குலச் சதுரம், 2 செ.மீ. கனம் என்றால் ஒரு கல்லே மூன்று கிலோவை நெருங்கும். ஒரு மீட்டர் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) 400 கல் முழங்கால் உயரம்தான் வரும், எடையோ ஒரு டன்னுக்கு மேல்! கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

ஃபோர்க்கின் குதிகாலை, அதாவது அது வளையும் இடத்தை, காலிப்பரால் அளக்கச் சொல்லித் தருகிறார்கள். 40 மி.மீ. கனம் 36 ஆகிவிட்டால் அந்த ஃபோர்க்கைக் கழற்ற வேண்டியதுதான். தினமும் வண்டி எடுக்கிறவர்களில் எத்தனை பேர் இதை அளந்திருப்பார்கள்?

வண்டி கவிழ்ந்தால் குதிக்கக் கூடாது என்பதையும் உட்கார வைத்தே பழக்குகிறார்கள். பெல்ட்டோடு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். குதிப்பவர் மேல்தான் தலைக்கு மேலிருக்கும் கூண்டு வந்து விழும். சாய்தளத்தில் லோடு எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். இதையும் நன்றாகவே விளக்குகிறார்கள். பேட்டரி சார்ஜ் பகுதி அவசரமாக ஓடிவிடுகிறது.

குறை இரண்டாம் நாளில். பன்னிரண்டு பேருக்கு ஒரே வண்டி, ஆளுக்குக் கால் மணி நேரம். அதுவும் வழவழவென்ற சிமெண்ட் தரையில். நம் குடோன் முற்றங்களோ செம்மண்ணும் பள்ளமும். பின்சக்கரம் திரும்புகிற வண்டி என்பதால் வளைவில் பின்பக்கம் வெளியே வீசும். அடிபடுவது பக்கத்தில் நிற்கும் சுமைத் தொழிலாளி. அவர்களுக்கு இந்தப் பயிற்சியில் இடமே இல்லை. தேர்வில் யாரும் தவறுவதுமில்லை, எல்லோர் கையிலும் சான்றிதழ். வளைவில் ஹாரன் அடிக்காதவருக்கும் அதே தாள் கிடைப்பது சரியில்லை.

ஆலைக்காரர்கள் தாராளமாக ஏற்பாடு செய்யலாம். ஆனால் குழுவுக்கு ஆறு பேர், உங்கள் வண்டி, உங்கள் முற்றம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். லோடுமேன்களையும் அரை நாள் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.