ரிவியூ கட்டுரையா, மூலப் பேப்பரா? பூச்சி உடலியங்கியல் படிக்க நான் மாறிய வழி

இரண்டு வருடம் ரிவியூ கட்டுரைகளை, அதாவது பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகளை, மட்டும் படித்து ஒப்பேற்றினேன். போன வருடம் அதைக் குறைத்துக்கொண்டு, வாரம் ஒரு மூலப் பேப்பர் (ஆய்வைச் செய்தவர்களே எழுதுவது) என்று மாறினேன். எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் "சார், எதைப் படிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன். நான் மூலப் பேப்பர் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரத்தில் ரிவியூதான் லாபம். தாம்பரத்தில் ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷன் வருவதற்குள் போனிலேயே பாதி முடிந்துவிடும். மூலப் பேப்பரில் ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் இரண்டு ஸ்டேஷன் போய்விடும். காசிலும் அப்படித்தான். 1956 முதல் வரும் 'ஆன்யுவல் ரிவியூ ஆஃப் என்டமாலஜி' என்ற ரிவியூ இதழின் அண்மைத் தொகுதிகள் இலவசம். 1957-இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் இன்செக்ட் பிசியாலஜி'யில் பல பேப்பர்களுக்குச் சந்தா வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கு 2025-இல் வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் கைகொடுக்கும். மற்றவர்கள் பேப்பர் எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்கலாம். நான் கேட்ட பலரும் அனுப்பியிருக்கிறார்கள்.

என்னை மாற்றியது, ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் மெத்தட்ஸ் பகுதி. ஒரு ப்ராஜெக்ட் விண்ணப்பத்தில், ஏடிஸ் கொசுப்புழு தாங்கும் உச்ச வெப்பம் என்று ஒரு ரிவியூவின் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டிருந்தேன். நேர்காணலில் ஒரு மேடம், "நிமிஷத்துக்கு எத்தனை டிகிரி ஏத்தினாங்க?" என்று மட்டும் கேட்டார். முழித்தேன். அட்டவணையில் அந்த விவரமே கிடையாது. வீட்டுக்கு வந்து மூலப் பேப்பரைத் திறந்தால் நான்கே வரியில் எல்லாம் கிடக்கிறது: சூடேற்றிய வேகம், புழு எத்தனையாம் பருவம் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட கட்டம்), எந்த வெப்பத்தில் வளர்ந்தது, ஒரு தட்டில் எத்தனை.

இது சில்லறை விவரம் இல்லை. சூடேற்றும் வேகத்தை மாற்றினால் பூச்சி சரிந்து விழும் வெப்பமும் மாறும் என்று 2007-இல் ஆப்பிரிக்காவின் செட்சீ ஈக்களை வைத்தே காட்டிவிட்டார்கள். மே மாதம் நம் மொட்டைமாடியில் மூடாமல் கிடக்கும் டிரம்மில் தண்ணீர் காலையிலிருந்து மெல்ல மெல்லச் சூடாகும். ஆய்வகத் தொட்டியில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றி எடுத்த எண்ணை அந்த டிரம்முக்கு அப்படியே பொருத்த முடியாது.

இந்தத் துறையின் பழைய கதை ஒன்றும் இதையேதான் சொல்கிறது. 1960-களில் செக் நாட்டுப் பூச்சி ஆய்வாளர் கரெல் ஸ்லாமா, பைரோகோரிஸ் என்ற சிவப்பு நாவாய்ப்பூச்சியை பிராகிலிருந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு, கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். நம் பருத்திக் காட்டுச் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் குடும்பம்தான் அதுவும். பிராகில் ஐந்தாம் பருவம் முடிந்ததும் ஒழுங்காகத் தோலுரித்து முதிர்ந்த பூச்சி, அமெரிக்காவில் முதிரவே மாட்டேன் என்றது. ஆறாம் பருவம் என்று ஒன்று கூடுதலாக எடுத்து, இளசாகவே பெருத்துச் செத்தது. தேடிப் பார்த்தால், கிண்ணத்தில் போட்டிருந்த பேப்பர் டவல்தான் காரணம். டவலுக்கு மரக்கூழ் தந்த பால்சம் ஃபர் மரத்தில், பூச்சியை முதிரவிடாமல் இளசாகவே வைக்கும் ஜுவனைல் ஹார்மோன் போலவே வேலை செய்யும் பொருள் இருந்தது. வாட்மேன் வடிதாளுக்கு மாற்றியதும் பூச்சிகள் சரியாகிவிட்டன. 'சயின்ஸ்' இதழின் தாளில் அந்தக் குணம் உண்டு, லண்டனில் அச்சான 'நேச்சர்' தாளில் இல்லை என்பது இன்னும் வேடிக்கை. ரிவியூக்களில் இது ஒரு வாக்கியமாக வரும். கிண்ணத்தில் என்ன தாள் விரித்தார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை ரிவியூ எனக்குத் தரவில்லை.

இப்போது ஒவ்வொரு பேப்பருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். முடிவுகளைப் பார்க்கும் முன்னால் பென்சிலால் நிரப்ப வேண்டியவை: வளர்த்த வெப்பம், ஈரப்பதம், வெளிச்ச நேரம், தீனி, வயது, ஆணா பெண்ணா, பூச்சி எங்கிருந்து வந்தது. பல பேப்பர்களில் '27 ± 1 டிகிரி' என்று அழகாக இருக்கும். எங்கள் வளர்ப்பறையில் கரண்ட் போன மதியங்களில் தெர்மாமீட்டர் 33 காட்டியிருக்கிறது. ± 1 என்று எழுத எனக்குக் கை வராது.

இதழில் வெளியிடலாமா என்று ரெஃப்ரியாக மதிப்பிடச் சொல்லி முதல் கையெழுத்துப் பிரதி வந்தபோதும் இந்தப் பக்கம்தான் உதவியது. 60 கொசுக்கள் என்று போட்டிருந்தார்கள். உண்மையில் ஒரு கூண்டில் 20 வீதம் மூன்று கூண்டுகள். ஒரே கூண்டில் இருப்பவை ஒரே சூழலில்தான் இருக்கும். அப்படியானால் கணக்குக்கு 60-ஆ, 3-ஆ? ரிவியூ மட்டும் படித்திருந்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

ரிவியூ ஜெயிக்கும் இடமும் உண்டு. சில பூச்சிகள் சுவாசத்துளைகளை நெடுநேரம் மூடி வைத்து விட்டுவிட்டு மூச்சு விடுவது ஏன் என்ற சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீரைச் சேமிக்க என்பது ஒரு கட்சி, மண்ணுக்குள் வாழ என்பது இன்னொன்று. 2005-இல் ஹெட்ஸ், பிராட்லி என்ற இரு ஆய்வாளர்கள், கூடுதல் ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தவிர்க்கத்தான் என்றார்கள். இதில் நேராகப் போய் ஒரு பேப்பரைத் திறந்தால் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே புரியாது. புதுத் தலைப்பு என்றால் முதலில் ஒரே ஒரு ரிவியூ, அப்புறம் அதில் மேற்கோள் காட்டிய மூன்று பேப்பர்கள். நானும் அப்படித்தான் நுழைகிறேன்.

ப்ரீபிரிண்ட், அதாவது இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் போடும் பேப்பர், பற்றிக் கேட்பீர்கள். நான் முழுதாகப் படித்தது மூன்றுதான். அதில் ஒன்று இதழில் வந்தபோது, முன்பு காணாமல் இருந்த ஈரப்பதம் மெத்தட்ஸில் சேர்ந்திருந்தது. மூன்றை வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்லக் கூடாது.