'எஃப்டி மாதிரிதான் அக்கா' என்றான், 4,08,640 ரூபாய் போய்விட்டது

நேற்று மதியம்தான் அந்தப் பதில் வந்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் நான் கொடுத்த புகாருக்கு, எனக்குப் பாண்டு, அதாவது ஒரு கம்பெனியின் கடன் பத்திரம், விற்ற ஆப்காரர்கள் இரண்டே பத்தி எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஆபத்து அறிவிப்புகளை எல்லாம் படித்து ஓடிபி போட்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறாராம், அவர்கள் வெறும் இடைத்தரகராம், வட்டியும் அசலும் தர வேண்டியது பாண்டு வெளியிட்ட கம்பெனியாம். முடிந்தது. 4,08,640 ரூபாய். ஆறப்போட்டு எழுது என்று தம்பி சொன்னான், எனக்கு ஆறவில்லை, ஆறும் முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

புகார் இன்னும் முடியாததால் பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதனால் வகையை மட்டும் சொல்கிறேன். கம்பெனி பாண்டுகளைப் போனிலேயே சில்லறையாக விற்கும் ஆப். போலி இல்லை, செபியில் பதிவு செய்தது, விளம்பரமும் வருகிறது. போலி ஆப் என்றால் நானே சுதாரித்திருப்பேன், இது முறையான இடம் என்பதால்தான் மாட்டினேன்.

பணம் என்னுடையது இல்லை. அப்பா முப்பத்தோரு வருடம் கண்டக்டராக நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்தது. அவர் போன பிறகு அம்மா பெயரில் ஆறு லட்சம் பேங்கில் எஃப்டியாகக் கிடந்தது. போன ஜனவரியில் முதிர்ந்தது. ஏழு சதவிகிதத்துக்குத் திரும்பப் போடலாம், அல்லது வேறு ஏதாவது பார்க்கலாம். அம்மாவுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை, மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி. மாதாமாதம் கையில் கொஞ்சம் கூட வந்தால் நல்லது என்று யோசித்தோம்.

தம்பி சென்னையில் இருக்கிறான். அவன் நிஃப்டி ஈ.டி.எஃப்., அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து, பங்கு மாதிரியே சந்தையில் விற்கும் ஃபண்டு, வாங்கச் சொன்னான், ஒரே நாளில் வேண்டாம், மாதாமாதம் பிரித்துப் போடு, ஐந்து வருடத்துக்குத் தொடாதே என்றான். என்னுடன் அக்கவுண்ட்ஸில் இருக்கிறவர் இரண்டு பேங்க் பங்குகளைச் சொன்னார். பங்கு எனக்குப் பயம். ஈ.டி.எஃப். பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆப் விளம்பரம் வந்தது. என் நம்பரைக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் போன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் போனது இந்தப் பேச்சில்தான். ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒரு பையன். முதலில் மேடம் என்றான். நான் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, "திருநெல்வேலியா? நான் தென்காசி பக்கந்தான்க்கா" என்றான். அதற்குப் பிறகு அக்காதான். அவசரப்படுத்தவே இல்லை. என்ன வேண்டும், யாருக்கு மாத்திரை, எத்தனை மாதம் தாங்கும் என்றெல்லாம் கேட்டான். பங்கு வேண்டாம் என்று அவனே சொன்னான். ஈ.டி.எஃப்.? அதுவும் வேண்டாம், 2020 ஜனவரியில் பன்னிரண்டாயிரத்துக்கு மேலே இருந்த நிஃப்டி மார்ச்சில் 7,600-க்கு இறங்கியது, அம்மா பணத்தை அப்படி விட முடியுமா என்றான். உண்மைதான், இறங்கியது. அதே வருடம் நவம்பரில் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு பாண்டு. வருடம் பன்னிரண்டரை சதவிகிதம், மாதாமாதம் 10-ஆம் தேதி வட்டி, 2026 ஆகஸ்ட்டில் அசல் திரும்பும். "எஃப்டி மாதிரிதான்க்கா, வட்டி மட்டும் ஜாஸ்தி. செக்யூர்டு. ரேட்டிங் ட்ரிபிள் பி, அது இன்வெஸ்ட்மெண்ட் கிரேடு. ஆர்பிஐ ரெஜிஸ்டர்டு கம்பெனி." ரேட்டிங் என்பது கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குப் போடும் மார்க்கு, இன்வெஸ்ட்மெண்ட் கிரேடு என்றால் முதலீட்டுத் தகுதி உள்ளது. நான் ஆறு லட்சத்தையும் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்! "மொதல்ல நாலு போடுங்க, ரெண்டு கையில இருக்கட்டும், அம்மாவுக்கு அவசரம்னா?" என்றான். அங்கேதான் நான் விழுந்தேன். விற்க வந்தவன் குறைத்து வாங்கு என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அன்று ராத்திரி அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன், நல்ல பையனா இருக்கான்மா, பேராசை காட்டலை என்று.

பிப்ரவரி 19-ஆம் தேதி, ஒரு லட்சம் முகமதிப்பில் நான்கு பாண்டு. கட்டியது நாலு லட்சம் இல்லை, 4,08,640. 10-ஆம் தேதியிலிருந்து ஆன ஒன்பது நாள் வட்டி முன்கூட்டியே சேரும் என்றான், சரி என்றேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்பது நாள் வட்டி 1,233 ரூபாய்தான் வருகிறது. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் அவர்கள் விலையில் ஏற்றி வைத்தது. கமிஷன் இல்லை, கட்டணம் இல்லை என்று ஆப்பில் பெரிதாகப் போட்டிருக்கும், கட்டணம் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டரை என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு, இந்த விலைக்கு வாங்கினால் உண்மையில் கிடைப்பது பதினொன்றும் சில்லறையும் என்பதைக் கீழே சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம், பத்து சதவிகிதம் டிடிஎஸ் வரி போக மாதம் 3,750 ரூபாய் டாணென்று வந்தது. எஃப்டியில் அந்த நாலு லட்சத்துக்கு மாதம் 2,333 வந்திருக்கும். ஆக 1,417 ரூபாய் கூடுதல். இந்த 1,417 ரூபாய்க்காக அப்பாவின் நாலு லட்சத்து எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதை ஒரே ஒரு கம்பெனியின் தலையில் கட்டிவைத்தேன்.

ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை. வட்டி வரவில்லை. லீவு, நாளைக்கு வரும் என்றான். திங்கள் வரவில்லை, "பேங்க் சைடுல ஏதோ ப்ராசஸிங்க்கா" என்றான். புதன்கிழமை எடுக்கவில்லை. வெள்ளி சுதந்திர தினம், அப்புறம் சனி ஞாயிறு. 18-ஆம் தேதி அந்த நம்பரில் வேறு ஒரு பெண் பேசினார், அவர் வேறு டீமுக்கு மாறிவிட்டார், உங்கள் கேள்வியைச் சாட்டில் பதிவு செய்யுங்கள் மேடம். மறுபடி மேடம் ஆகிவிட்டேன். சாட்டில் பதில்: உங்கள் பொறுமைக்கு நன்றி, பாண்டு வெளியிட்ட நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. மெயிலுக்கு வந்த பதில், டிபென்ச்சர் டிரஸ்டியைக் கேளுங்கள், அதாவது பாண்டு வாங்கியவர்கள் சார்பில் இருக்கும் நிறுவனத்தை. டிரஸ்டிக்கு எழுதினால், பாண்டு வைத்திருப்பவர்களின் பெரும்பான்மை முடிவுப்படிதான் நாங்கள் நடப்போம். ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்ட, நான் வேலைக்கு நடுவில் மாடிப்படியில் நின்று நின்று போன் பேசியதுதான் மிச்சம்.

ரேட்டிங் கம்பெனியின் தளத்தை நானாகத் தேடிப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. மே மாதமே ஒரு படி இறக்கி ட்ரிபிள் பி மைனஸ் ஆக்கியிருக்கிறார்கள், எதிர்மறைப் பார்வை, அதாவது இன்னும் இறங்கலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். முதலீட்டுத் தகுதியில் அதுதான் கடைசிப் படி, அதற்குக் கீழே போனால் அந்தப் பேரே கிடையாது. எனக்கு ஒரு மெசேஜ் வரவில்லை. அதைவிட மோசம், ஜூன் மாதம் அதே பையன் போன் செய்து, "மிச்ச ரெண்டு லட்சத்தையும் இதுலயே போட்டுடலாமேக்கா, கொஞ்சம்தான் பாக்கி இருக்கு" என்றான். ரேட்டிங் இறங்கிய பிறகு! அன்று அம்மா, கண் ஆபரேஷன் முடியட்டும், இருக்கட்டும் என்று சொன்னதால் அந்த இரண்டு லட்சம் பிழைத்தது. ஆகஸ்ட்டில் வட்டி கட்டாத அந்த வாரமே நேராக டி. அப்படியென்றால் கடன் கட்டத் தவறிய கம்பெனி என்று அர்த்தம். நடுவில் இருக்கிற படியெல்லாம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. 2018-இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதிக் கம்பெனி சில வாரங்களுக்குள் உச்ச ரேட்டிங்கான ட்ரிபிள் ஏ-யிலிருந்து டி-க்கு விழுந்ததை அப்போது பேப்பரில் படித்தவள்தான் நான், அது பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று கடந்துபோனேன்.

செக்யூர்டு என்றானே, அதைச் சொல்ல வேண்டும். அடமானம் இருக்கிறது என்றால் நிலமோ கட்டடமோ என்று நினைத்தேன். டிரஸ்டி அனுப்பிய காகிதத்தைப் படித்தால், அந்தக் கம்பெனி மகளிர் குழுக்களுக்குச் சிறுகடன் கொடுக்கிறது, அந்தப் பெண்கள் திருப்பிக் கட்ட வேண்டிய தவணைகள்தான் என் பாண்டுக்கு அடமானம். வசூல் நின்றுபோனதால்தான் கம்பெனி விழுந்தது. நின்றுபோன அந்த வசூலேதான் எனக்கு ஈடு! இதை ஒரு வரியில் அந்தப் பையன் சொல்லியிருந்தால் நான் எஃப்டியையே புதுப்பித்திருப்பேன். பேங்க் எஃப்டிக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. கம்பெனி பாண்டுக்குப் பத்துப் பைசா கிடையாது. ஆர்பிஐயில் பதிவு என்றால் ஆர்பிஐ பணத்துக்கு உத்தரவாதம் என்று அர்த்தம் இல்லவே இல்லை. பிறகு எந்த வாயால் 'எஃப்டி மாதிரி' என்று சொன்னான்?

விற்றுவிட்டு வெளியே வரலாம் என்றும் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் பட்டியலான பாண்டு, எப்ப வேண்டுமானாலும் விற்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பாண்டு இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து விற்கப் போட்டால் வாங்க ஒரு ஆள் இல்லை. பட்டியலில் இருப்பது வேறு, வாங்க ஆள் இருப்பது வேறு. நிஃப்டி ஈ.டி.எஃப். பாதி விலைக்கு விழுந்திருந்தால்கூட அன்றைய விலைக்கு விற்று மறுநாள் பணத்தைப் பார்த்திருக்கலாம், ஐம்பது கம்பெனியில் ஒன்று மூழ்கினாலும் மற்றவை நிற்கும். நான் வாங்கியதில் மேலே போனால் பன்னிரண்டரைதான், கீழே போனால் முழுசும். இந்தக் கணக்கை யாரும் என் முன்னால் வைக்கவில்லை. கொடுமை என்னவென்றால் இன்றைக்கும் ஆப்பைத் திறந்தால் என் முதலீட்டு மதிப்பு நாலு லட்சம் என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது.

வட்டிதான் வந்ததே என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். வந்தது, 18,750 ரூபாய். அதைக் கழித்தாலும் 3,89,890 வெளியே நிற்கிறது. அம்மாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. 10-ஆம் தேதி ஆனால், "ஏட்டி, வட்டி வந்துட்டா?" என்று கேட்கிறாள். இரண்டு மாதமாக என் சம்பளத்திலிருந்து 3,750 எடுத்து அவள் கணக்கில் போடுகிறேன். இதையும் எவ்வளவு நாள் செய்ய முடியும் என்று தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். எந்த பாண்டாக இருந்தாலும், அடமானம் என்ன, எதன் மீது என்று எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னதை நம்பாதீர்கள், நான் ஒரு காலையும் ரெக்கார்டு செய்யவில்லை, இன்று என்னிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை. ரேட்டிங் கம்பெனியின் தளத்தில் நீங்களே மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள், ஆப் சொல்லாது. ஒரே கம்பெனியில் வீட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். பாண்டுதான் வேண்டும் என்றால் ஆர்பிஐயின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் அரசுப் பத்திரம் பத்தாயிரம் ரூபாயிலிருந்தே நேரடியாக வாங்கலாம், நடுவில் எந்த அக்காவும் தம்பியும் தேவையில்லை. ஈ.டி.எஃப். வாங்குகிறவர்களும் தினமும் நல்ல வியாபாரம் நடக்கிற ஃபண்டாகப் பாருங்கள், சந்தை விலை அதன் உள்மதிப்பைவிட, அதாவது உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட, ரொம்ப ஏறியிருந்தால் அன்று வாங்காதீர்கள்.

ஸ்கோர்ஸில் பதில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், நான் இன்று ராத்திரி கேட்கப் போகிறேன். அதிலும் ஒன்றும் நடக்காவிட்டால் ஸ்மார்ட் ஓ.டி.ஆர்., அதாவது இப்படிப்பட்ட தகராறுகளை ஆன்லைனில் சமரசம் பேசித் தீர்க்கும் தளம்.

இன்னொன்று, இதே மாதிரி பாண்டு வைத்திருக்கிறவர்கள் உடனே உங்கள் மெயிலில் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடன் மறுசீரமைப்புக்கு, அதாவது கடனைத் திருப்பித் தரும் நிபந்தனைகளை மாற்றுவதற்கு, சம்மதமா என்று டிரஸ்டி அனுப்பிய வாக்கெடுப்பு நோட்டீஸ் எனக்கு அங்கேதான் கிடந்தது. அதற்காகக் கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து போடும் ஒப்பந்தத்தில் டிரஸ்டி கையெழுத்துப் போட, பாண்டு வைத்திருப்பவர்களில் மதிப்பில் 75 சதவிகிதமும் ஆள் எண்ணிக்கையில் 60 சதவிகிதமும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. நம்மைப் போல ஒன்று இரண்டு வைத்திருக்கிறவர்களுக்கு அந்த எண்ணிக்கையில்தான் பலம். எனக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. உங்களுக்கு எப்போது என்று இப்போதே பாருங்கள்.